ஐஸ் பிளான்ட் கம்ப்ரஸரையே ஹீட் பம்பாக ஓட்டலாமா? டெல்டா ஆலைகளுக்கான டிரைவ் கணக்கு

நெல் ஊறவைக்கவும் பால் பதப்படுத்தவும் ஹீட் பம்ப் (குறைந்த சூட்டிலிருக்கும் வெப்பத்தை எடுத்து உயர்ந்த சூட்டுக்கு ஏற்றித் தரும் இயந்திரம்) வைக்கலாம் என்று டெல்டாவில் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான்: "நாகப்பட்டினம், மல்லிப்பட்டினம் ஐஸ் பிளான்ட்ல எல்லாம் அமோனியா கம்ப்ரஸர் காலங்காலமா ஓடுதே, அதுல ஒண்ண வாங்கி வச்சா சுடுதண்ணி வராதா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஐஸ் பிளான்ட்டும் ஹீட் பம்பும் ஒரே சுழற்சியில்தான் ஓடுகின்றன. ஒரு பக்கம் வெப்பத்தை உறிஞ்சுகிற அமோனியாவைக் கம்ப்ரஸர் அழுத்துகிறது. அந்த வெப்பம் மறுபக்கம், வாயு குளிர்ந்து திரவமாகும் கண்டென்சரில் வெளியேறுகிறது. ஐஸ் பிளான்ட்காரருக்கு ஐஸ் உறையும் உப்புநீர்த் தொட்டிப் பக்கம்தான் வருமானம், கண்டென்சரில் போவது கழிவு. ஹீட் பம்ப் வைப்பவருக்கு அந்தக் கழிவுதான் சரக்கு. ஆனால் இரு பக்கத்து வெப்பநிலைகளும் மாறினால் நடுவில் சுழலும் ஷாஃப்ட்டின் மேல் விழும் சுமை அடியோடு மாறிவிடுகிறது. மோட்டார், பெல்ட் அல்லது கப்ளிங் (இரு ஷாஃப்ட்களை நேராக இணைக்கும் இணைப்பு), பேரிங், ஷாஃப்ட் சீல், அடித்தளம், மின் இணைப்பு என்று கம்ப்ரஸரைச் சுழற்றுவதற்காக இருக்கும் மொத்த ஏற்பாட்டைத்தான் டிரைவ் என்கிறோம். ஹீட் பம்ப் பற்றிய பேச்சுகளில் எந்த வாயு, எத்தனை மடங்கு வெப்பம் என்பதெல்லாம் விரிவாக அலசப்படுகிறது. டிரைவ் மட்டும் "அதுக்கேத்த மோட்டார் போட்டுக்கலாம்" என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. இயந்திரம் பத்து வருடம் ஓடுமா, இரண்டாவது சீசனிலேயே நிற்குமா என்பது அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சூடு எங்கே வேண்டும், எவ்வளவு வேண்டும்

காவிரி டெல்டா 2020-இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. உருக்காலைக்கும் தோல் தொழிற்சாலைக்கும் இங்கே புதிதாக இடமில்லை. ஆகவே தொழில்முறைச் சூடு என்றால் இங்கே அது பெரும்பாலும் உணவோடு சேர்ந்த சூடு: அரிசி ஆலை, பால் பண்ணை, மீன் பதனிடும் கூடம், சர்க்கரை ஆலை.

புழுங்கலரிசிக்கு நெல்லை 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் சுடுநீரில் சில மணி நேரம் ஊறவைக்கிறார்கள். பிறகு சுமார் 100 டிகிரி நீராவியில் அவிக்கிறார்கள். அவித்த நெல்லில் 35 சதவீதத்தை ஒட்டியிருக்கும் ஈரத்தை 14 சதவீதத்துக்கு இறக்கக் காய்ந்த சூடான காற்று வேண்டும். பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடி. அதோடு குழாய்களையும் டப்பாக்களையும் கழுவ 75 முதல் 85 டிகிரி நீர். அதே கட்டடத்தின் இன்னொரு மூலையில் பாலை 4 டிகிரிக்குக் குளிர்விக்க அமோனியா கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும். அதன் வெப்பம் கூலிங் டவர் வழியாக வானத்துக்குப் போகும்.

இதில் அரிசி ஆலைக்காரர்கள் சொல்லும் மறுப்பை மதிக்க வேண்டும். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. கிலோவுக்கு 3,000 கிலோ கலோரிக்கு மேல் தரும் எரிபொருள் ஆலைக்குள்ளேயே குவிகிறது. அதை எரித்து நீராவி எடுப்பவரிடம் போய் மின்சாரத்தில் நீராவி எடுங்கள் என்று சொல்வது எடுபடாது, சொல்லவும் கூடாது. உமிக்கு நல்ல விலை கிடைக்கும் ஊரில் ஊறல் தண்ணீரின் 70 டிகிரியை மட்டும் ஹீட் பம்புக்கு மாற்றலாம். அதற்கு மேல் பாய்லரே ஆளட்டும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் கதை வேறு. குறுவை அறுவடை முடியும் நேரமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கொள்முதலுக்கு 17 சதவீத ஈரம் என்பது வழக்கமான வரம்பு; மழை பிடித்தால் சாலையோரம் கொட்டிய நெல் அந்த வரம்புக்கு இறங்குவதே இல்லை. அங்கே உமி கிடையாது, ஏனென்றால் அது இன்னும் நெல்லின் மேல்தான் இருக்கிறது. ஒரு டன் நெல்லை 20 சதவீதத்திலிருந்து 14-க்கு இறக்க சுமார் 70 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். டீசலை எரித்துக் காற்றைச் சூடாக்கி, ஈரக்காற்றை அப்படியே வெளியே விடுவதைக் காட்டிலும், அந்த ஈரக்காற்றிலிருக்கும் வெப்பத்தைத் திரும்பப் பிடித்து 50, 55 டிகிரிக்கு ஏற்றுவது ஹீட் பம்புக்கு மிக இலகுவான வேலை. 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இன்று தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கும் அமைப்பு நம் பக்கத்திலேயே இருக்கும்போது, இந்தக் கேள்வியைக் கையிலெடுக்க இதைவிடப் பொருத்தமான மண் கிடையாது.

முதலில் எங்கே வைக்கலாம் என்று கேட்டால் நான் பால் பண்ணையையும் மீன் பதனிடும் கூடத்தையும் சொல்வேன். குளிரும் சூடும் ஒரே கூரைக்குக் கீழ் தேவைப்படும் இடம் அது. ஒரே ஷாஃப்ட்டைச் சுழற்றி இரண்டுக்கும் காசு பார்க்கலாம்.

அதே சிலிண்டர், மூன்று மடங்கு முறுக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஐஸ் பிளான்ட்டில் அமோனியா சுமார் மைனஸ் 15 டிகிரியில் ஆவியாகிறது. அப்போது அதன் அழுத்தம் 2.4 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). கண்டென்சரில் 40 டிகிரி, 15.5 பார். 80 டிகிரியில் அமோனியாவைத் திரவமாக்கும் ஹீட் பம்பில், 30 டிகிரி வெப்பமூலம் என்று வைத்தால், உறிஞ்சும் பக்கம் 11.7 பார், வெளியேறும் பக்கம் 41 பார்.

விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஐஸ் பிளான்ட்டில் அழுத்தம் ஆறரை மடங்கு ஏறுகிறது, ஹீட் பம்பில் மூன்றரை மடங்குதான். அப்படியானால் ஹீட் பம்புக்கு வேலை குறைவு என்று தோன்றும். ஒரு கிலோ வாயுவுக்கு வேலை குறைவுதான். ஆனால் சிலிண்டர் எடை பார்த்து இழுப்பதில்லை, கொள்ளளவு பார்த்து இழுக்கிறது. மைனஸ் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் அமோனியா ஆவியின் எடை 2 கிலோ. 30 டிகிரியில் அதே ஒரு கன மீட்டர் 9 கிலோ. பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நாலரை மடங்கு சரக்கு உள்ளே வருகிறது.

கிலோவுக்கான வேலை மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும், கூட்டிக் கழித்தால் அதே சிலிண்டர் அதே வேகத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு திறன் கேட்கும். 30 கிலோவாட் மோட்டார் ஓட்டிய கம்ப்ரஸருக்கு 90-லிருந்து 100 கிலோவாட் வேண்டும். 750 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 750 சுற்று) 380 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை, அதாவது சுழற்றும் விசையை, தாங்கிய ஷாஃப்ட் 1,200 நியூட்டன் மீட்டரைத் தாங்க வேண்டும். பிஸ்டன் தலையின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 13 பாரிலிருந்து 29, 30 பாருக்கு உயர்கிறது. கனெக்டிங் ராடும் கிராங்க் பேரிங்கும் தாங்க வேண்டிய விசையும் அதே விகிதத்தில் ஏறும். வெளியேறும் வாயுவின் வெப்பநிலை 130 டிகிரியைத் தொடும்.

பழைய ஐஸ் பிளான்ட் கம்ப்ரஸரின் வார்ப்பிரும்பு உடல் 41 பாருக்காக வார்க்கப்பட்டதே அல்ல. ஆகவே கேள்விக்கு நேரான பதில்: வைக்கக் கூடாது. உயர் அழுத்தத்துக்கென்று சோதிக்கப்பட்ட கம்ப்ரஸர்தான் வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் கம்ப்ரஸர் பார்ப்பதற்குச் சிறியதாக இருக்கும், அதன் பக்கத்தில் நிற்கும் மோட்டார் பெரியதாக இருக்கும். கண்ணுக்குப் பொருந்தாத இந்த ஜோடியைப் பார்த்து "மோட்டார் ஓவரா போட்டுட்டாங்க" என்று ஒரு சைஸ் குறைப்பவர்கள் உண்டு. அங்கே சிக்கல் ஆரம்பிக்கிறது.

மோட்டாரை எந்தப் புள்ளிக்கு அளவெடுப்பது என்பதும் இங்கே வரும். திட்டத்தில் எழுதிய 30 டிகிரி வெப்பமூலத்துக்கு அல்ல. அந்த மூலம் எவ்வளவு சூடாக வரக்கூடுமோ அந்த உச்சத்துக்கு. ஏப்ரல், மே மாதத் தண்ணீரும் உலர்த்தியிலிருந்து வரும் சூடான காற்றும் உறிஞ்சும் அழுத்தத்தைத் திட்டத்துக்கு மேல் தூக்கிவிடும். ஐஸ் பிளான்ட் ஆபரேட்டர்களுக்கு இது பழக்கமான விஷயம். தொட்டி சூடாக இருக்கும் நாளில் ஒரு கையைச் சக்‌ஷன் வால்வில் வைத்து, கண்ணை அம்மீட்டரில் வைத்து, முள் சிவப்புக் கோட்டைத் தாண்டாதபடி கால் திருகு, அரைத் திருகு என்று திறப்பார்கள். ஹீட் பம்பில் அந்தக் கையின் வேலையைச் செய்ய உறிஞ்சும் அழுத்தத்துக்கு ஒரு மேல் வரம்பு வைக்கும் வால்வு வேண்டும், அல்லது அந்த உச்சத்தையும் தாங்கும் மோட்டார் வேண்டும். இரண்டும் இல்லாமல் வாங்குவது தவறு.

பெல்ட் போதுமா?

டெல்டாவின் ஐஸ் பிளான்ட்கள் பெரும்பாலும் பெல்ட்டில் ஓடுபவை. காரணம் உண்டு. பெல்ட் மன்னிக்கும். மோட்டாரும் கம்ப்ரஸரும் சற்று நேர்கோடு தப்பியிருந்தாலும் ஓடும். திரவம் சிலிண்டருக்குள் புகுந்து அடித்தால் பெல்ட் வழுக்கி ஷாஃப்ட்டைக் காப்பாற்றும். புல்லியை மாற்றினால் வேகம் மாறும். உள்ளூர்க் கடையிலேயே பெல்ட் கிடைக்கும்.

ஹீட் பம்பில் இந்த நன்மைகள் தேய்கின்றன. முறுக்குவிசை மூன்று மடங்கானால் பெல்ட்டின் இழுவையும் மூன்று மடங்கு. அந்த இழுவை முழுவதும் மோட்டாரின் முன்பக்க பேரிங்கைப் பக்கவாட்டில் இழுக்கும். உருளை பேரிங்கின் ஆயுள் சுமையின் 3.33 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது பேரிங் கணக்கின் அடிப்படை. அதே பேரிங்கில் மூன்று மடங்கு சுமை ஏற்றினால் ஆயுள் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகிவிடும். பெரிய பேரிங் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் கம்ப்ரஸர் பக்கத்து ஷாஃப்ட்டும் அதே பக்கவாட்டு இழுவையைத் தாங்க வேண்டும். அங்கே பேரிங்கை மாற்றும் சுதந்திரம் நமக்கு இல்லை.

இழப்பும் சின்னதல்ல. நன்றாக இறுக்கிய வி-பெல்ட்டில் 5 சதவீதம் வரை போகும், தளர்ந்தால் இன்னும் அதிகம். 110 கிலோவாட்டில் 5 சதவீதம் என்றால் 5.5 கிலோவாட். வருடம் 6,000 மணி நேரம் ஓடும் பால் பண்ணையில் அது 33,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 2.3 லட்சம் ரூபாய், ஒவ்வொரு வருடமும், பெல்ட்டின் மூடிக்குள் சூடாகக் கரைகிறது.

இதையே வெப்பக் கணக்கிலும் பார்க்கலாம். 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்ற, இயற்கை விதி அனுமதிக்கும் உச்சம் ஒரு யூனிட்டுக்கு 7 யூனிட் வெப்பம். நல்ல இயந்திரம் அதில் பாதியை, 3.5-ஐத் தொடும். இது கம்ப்ரஸர் ஷாஃப்ட்டில் அளந்த எண். மோட்டார் 95 சதவீதம், மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி 97 சதவீதம், பெல்ட் 95 சதவீதம் என்று பெருக்கினால் மின்மீட்டரில் தெரிவது 3.1-க்குள் வந்துவிடும். பெல்ட்டை எடுத்துவிட்டால் 3.2. விற்பனையாளர் காட்டும் எண் ஷாஃப்ட்டில் அளந்ததா, மீட்டரில் அளந்ததா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

60 கிலோவாட்டுக்குக் கீழ், சூடும் 60 டிகிரிக்குள் என்றால் பெல்ட்டை நான் எதிர்க்க மாட்டேன். அதற்கு மேல் நேரடி கப்ளிங்தான். பிஸ்டனுக்குப் பதில் சுழலும் திருகுகளால் வாயுவை அழுத்தும் ஸ்க்ரூ கம்ப்ரஸராக இருந்தால் இரண்டு-துருவ மோட்டாரின் 2,960 ஆர்.பி.எம்.மிலேயே நேராக இணைக்கலாம். வேகம் இரட்டிப்பாவதால் அதே திறனுக்கு முறுக்குவிசை பாதியாகிறது: 110 கிலோவாட்டுக்கு 1,480 ஆர்.பி.எம்.மில் 710 நியூட்டன் மீட்டர், 2,960-இல் 355. கப்ளிங்கும் ஷாஃப்ட்டும் சிறுத்துப்போகும்.

சூடானபின் எங்கே நிற்கும்

நேரடி கப்ளிங்குக்கு மாறியதும் அலைன்மென்ட், அதாவது இரு ஷாஃப்ட்களும் ஒரே நேர்கோட்டில் நிற்பது, என்ற கடுமையான கண்டிப்பு வந்து சேர்கிறது. ஐஸ் பிளான்ட்டிலிருந்து வரும் அனுபவம் மிக அதிகமாகத் தவறவிடும் இடம் இது.

ஃபிட்டர் காலையில் வந்து, குளிர்ந்திருக்கும் இயந்திரத்தில் கப்ளிங்கின் விளிம்பில் டயல் கேஜை (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவுகோல்) பொருத்தி, ஷாஃப்ட்டைக் கையால் ஒரு சுற்று சுற்றுகிறார். முள் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது என்று போல்ட்டை இறுக்குகிறார். ஐஸ் பிளான்ட்டில் இது சரி. ஹீட் பம்பின் கம்ப்ரஸர் உடல் ஓடத் தொடங்கியபின் 85 டிகிரியைத் தொடும். ஷாஃப்ட்டின் மையம் அடிப்பகுதியிலிருந்து 450 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். வார்ப்பிரும்பு 55 டிகிரி சூடேறினால் அந்த 450 மி.மீ. சுமார் கால் மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். மோட்டாரும் சூடாகி எழும், ஆனால் 0.1 மி.மீ. அளவுக்குத்தான். மீதி 0.15 மி.மீ. கம்ப்ரஸர் மேலே ஏறி நிற்கும். 3,000 ஆர்.பி.எம்.மில் அனுமதிக்கத்தக்க விலகலோ 0.05 மி.மீ.

ஆகவே குளிர்ந்த நிலையில் மோட்டாரை 0.15 மி.மீ. உயர்த்தி வைக்க வேண்டும். அதற்கான ஷிம் தகடு காலுக்கடியில் போக வேண்டும். டயல் கேஜ் விளிம்பில் காட்டுவது உண்மையான விலகலின் இரு மடங்கு என்பதால் முள் 0.30 காட்டும்போதுதான் வேலை சரி. முள் பூஜ்ஜியத்தில் நிற்பதைப் பார்த்துத் திருப்திப்படும் கைக்கு இது உறுத்தும். முன்பே தாளில் எழுதி, இயந்திரத்தின் மேலேயே ஒட்டி வைத்தால்தான் அடுத்த பராமரிப்பில் வேறொருவர் வந்து "சரி" செய்து கெடுக்காமல் இருப்பார். சூடு முழுக்க ஏறியபின் நிறுத்தி, உடனே ஒரு முறை அளந்து பார்ப்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

டெல்டாவின் தரை இதில் இன்னொரு கையை நுழைக்கிறது. களிமண், நிலத்தடி நீர் உயரத்தில், மழைக்கு ஊறி, கோடைக்கு வெடிக்கும் மண். பிஸ்டன் கம்ப்ரஸருக்கு இயந்திர எடையின் ஐந்து மடங்கு, சுழலும் இயந்திரத்துக்கு மூன்று மடங்கு கான்கிரீட் என்பது பட்டறை வழக்கு. முறையான கணக்குக்கு ஐ.எஸ். 2974 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. மோட்டாருக்கு ஒரு மேடை, கம்ப்ரஸருக்கு ஒரு மேடை என்று தனித்தனியே கட்டுவதை இந்த மண்ணில் தவிர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே கனமான இரும்புச் சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை ஒரே மேடையில் அமர்த்தினால் தரை கொஞ்சம் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும்.

ஷாஃப்ட் வெளியே வரும் ஓட்டை

இவ்வளவு பாடு எதற்கு, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதுபோல் மோட்டாரையும் கம்ப்ரஸரையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால் கப்ளிங்கும் வேண்டாம், சீலும் வேண்டாமே என்று கேட்கலாம். வேறு வாயுக்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். மோட்டாரின் இழப்புச் சூடும் வாயுவுக்குள்ளேயே போய்ப் பயன்படும் என்பது கூடுதல் லாபம். கொள்முதல் நிலையத்துக்கு லாரியில் போகும் உலர்த்திக்கு நான் மூடிய வகையைத்தான் சிபாரிசு செய்வேன். குலுக்கலில் அலைன்மென்ட் கெடும் கவலை இருக்காது.

அமோனியாவில் அது எளிதல்ல. அமோனியா செம்பை அரிக்கும். மோட்டாரின் சுருளோ செம்பு. அலுமினியச் சுருளில் தனி ஏற்பாடுகள் உண்டென்றாலும், பெரும்பாலான அமோனியா இயந்திரங்களில் மோட்டார் வெளியேதான் நிற்கும். ஷாஃப்ட் கம்ப்ரஸர் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தத் துளையை அடைப்பது ஷாஃப்ட் சீல்: பளபளப்பாகத் தேய்த்த கார்பன் வளையம் ஒரு இரும்பு முகத்தில் உரசிக்கொண்டு, நடுவே எண்ணெய்ப் படலத்தோடு சுற்றும்.

பிஸ்டன் கம்ப்ரஸரில் ஷாஃப்ட் சுழலும் அடிப்பெட்டி (கிராங்க் கேஸ்) உறிஞ்சும் அழுத்தத்தில் இருக்கும். ஐஸ் பிளான்ட்டில் சீலுக்குப் பின்னால் 2.4 பார். ஹீட் பம்பில் 11.7 பார். இயந்திரம் நின்றபின்னும் அழுத்தம் இறங்காது. 35 டிகிரி வெயிலில் சும்மா நிற்கும் அமோனியாவே 13 பாருக்கு மேல் அழுத்தும். பழைய சீல் இதைத் தாங்காது. சீலுக்குள் இருக்கும் ரப்பர் வளையமும் பார்த்துப் போட வேண்டியது. சூட்டுக்கு நல்லது என்று கடையில் எடுத்துக் கொடுக்கும் விட்டான் ரப்பர் அமோனியாவுக்கு ஒத்துவராது. நியோப்ரீன் அல்லது ஹெச்.என்.பி.ஆர். வகை ரப்பர் வேண்டும். மணிக்குச் சில சொட்டு எண்ணெய் கசிவது இயல்பு. அமோனியா நெடி அடிப்பது இயல்பு அல்ல. எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்குக் காற்றில் 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) வரம்பு, 300 பி.பி.எம். உயிருக்கு உடனடி ஆபத்து. சீல் இருக்கும் அறையில் கசிவு உணரியும் வெளியேற்றும் விசிறியும் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. குடியிருப்புகளுக்கு நடுவே ஆலைகள் இருக்கும் கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களில் இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

வேகத்தை மாற்றுவதில் உள்ள கண்ணிகள்

வி.எஃப்.டி. என்ற வேகக் கட்டுப்பாட்டு மின்கருவி இன்று எல்லா ஆலைகளிலும் வந்துவிட்டது. ஹீட் பம்புக்கும் வேண்டும். விசிறியில் வேகத்தைப் பாதியாக்கினால் திறன் எட்டில் ஒரு பங்காகும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அதே மிச்சத்தை எதிர்பார்ப்பார்கள். ஸ்க்ரூவும் பிஸ்டனும் அப்படி அல்ல. வேகம் பாதியானாலும் அழுத்தம் அப்படியே இருக்கும், ஆகவே முறுக்குவிசையும் அப்படியே இருக்கும். திறன் பாதிதான் குறையும்.

இதிலிருந்து ஒரு ஆபத்து பிறக்கிறது. முறுக்குவிசை குறையாததால் மோட்டாரின் கரண்ட்டும் குறையாது. ஆனால் மோட்டாரின் வாலில் இருக்கும் குளிர்விக்கும் விசிறி அதே ஷாஃப்ட்டில் சுற்றுவதால் அது மட்டும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். முழுச் சூடு, அரைக் காற்று. மோட்டார்கள் வழக்கமாக 40 டிகிரி சுற்றுப்புறத்துக்கு அளவெடுக்கப்படுபவை. பாய்லர் பக்கத்து அறையில் மே மாதத்தில் அது 45-ஐத் தாண்டும். இதோடு அரிசி ஆலையின் உமித் தூசி மோட்டாரின் துடுப்புகளுக்கிடையே கம்பளிபோல் படிந்துவிடும். குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட வேண்டியிருந்தால், தனி மோட்டாரில் சுற்றும் குளிர்விப்பு விசிறியும், 50 டிகிரி சுற்றுப்புறத்துக்கு அளவெடுத்த மோட்டாரும், வாரம் ஒரு முறை துடுப்பை ஊதிச் சுத்தம் செய்யும் ஒழுங்கும் வேண்டும்.

பிஸ்டன் கம்ப்ரஸரில் இன்னொன்று. நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றில் நான்கு இடி. 900 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 60 இடி. மோட்டார், கப்ளிங், கம்ப்ரஸர் மூன்றும் சேர்ந்த ஷாஃப்ட் வரிசைக்கு முறுக்கித் திரும்பும் ஒரு இயல்பு அதிர்வெண் உண்டு. அதுவும் 60-ஆக இருந்துவிட்டால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி உயர்த்துவதுபோல் முறுக்கு ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் ஷாஃப்ட் சாய்வாக, திருகாணிபோல் வெடித்து உடையும். நிலையான வேகத்தில் ஓடும் ஐஸ் பிளான்ட்டில் இந்த வேகத்தைத் தொடாமல் தப்பித்துவிடுவோம். வி.எஃப்.டி. வந்தபின் இயந்திரம் 600 முதல் 1,500 வரை எல்லா வேகத்திலும் நின்று ஓடக்கூடும். ஆகவே முறுக்கதிர்வுக் கணக்கை முன்பே போட்டு, அந்த வேகத்தின் இரு பக்கமும் குறைந்தது 10 சதவீதம் விலக்கி, அந்தப் பட்டையில் நிற்காமல் தாண்டிப்போகும்படி வி.எஃப்.டி.யில் பதிய வேண்டும். ரப்பர் பொதிந்த கப்ளிங் போட்டு அதிர்வெண்ணையே கீழே இறக்குவதும் ஒரு வழி. ஆனால் சூடான அறையில் ரப்பர் இறுகும், இறுகினால் அதிர்வெண் நகரும். ரப்பரை மாற்றும் காலக்கெடுவும் கணக்கின் ஒரு பகுதிதான்.

வி.எஃப்.டி.யின் வேகமான மின் துடிப்புகள் மோட்டார் பேரிங் வழியாகத் தரைக்குப் பாய்ந்து பேரிங் ஓடுபாதையில் வரிவரியாகத் தழும்பு போடும். 100 கிலோவாட்டை ஒட்டிய மோட்டாருக்குப் பின்பக்கத்தில் மின்காப்பு பேரிங்கும், முன்பக்கத்தில் ஷாஃப்ட்டைத் தரையிணைக்கும் வளையமும் கேட்டு வாங்குங்கள்.

மின்கம்பியின் கடைசி முனையில்

110 கிலோவாட் மோட்டார் ஓடும்போது சுமார் 190 ஆம்பியர் எடுக்கும். நேரடியாகத் தொடங்கினால் அதன் ஆறு, ஏழு மடங்கு. பம்புசெட்டுகள் நிறைந்த கிராமத்து ஃபீடரின் (மின் விநியோகத் தடத்தின்) கடைசியில் இருக்கும் ஆலையில் இதைச் செய்தால் ஊர் விளக்கெல்லாம் மங்கும். மோட்டாரின் சுருளிணைப்பை மாற்றித் தொடங்கும் ஸ்டார்-டெல்டா முறையில் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும், ஆனால் தொடங்கும் முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்கே. மின்னழுத்தம் ஏற்கெனவே 10 சதவீதம் தாழ்ந்திருந்தால் அதுவும் 81 சதவீதமாகச் சுருங்கும். ஹீட் பம்ப் நிற்கும்போது இரு பக்கமும் 13 பாரில் சமன்பட்டு நிற்பதால் முதல் சில சுற்றுகளிலேயே கனமான வாயுவை அழுத்த வேண்டியிருக்கும். சிலிண்டர்களைத் திறந்துவிட்டுத் தொடங்கும் ஏற்பாடு இல்லையென்றால் மோட்டார் முனகி நிற்கும். மிச்சம் பார்க்காவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே வி.எஃப்.டி. வேண்டும்.

மின்சாரமே வேண்டாம் என்ற வழிகளும் டெல்டாவுக்கு அந்நியமல்ல. குத்தாலம், நரிமணம் பக்கம் இயற்கை எரிவாயு உண்டு. எரிவாயு இன்ஜினால் கம்ப்ரஸரைச் சுழற்றி, இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் (ஜாக்கெட்) சூட்டையும் சேர்த்து எடுக்கலாம். இன்ஜினும் இடிக்கும், பிஸ்டன் கம்ப்ரஸரும் இடிக்கும் என்பதால் முறுக்கதிர்வுக் கணக்கு இன்னும் கடுமையாகும். ஸ்க்ரூவோடு இணைப்பதே மேல். குருங்குளம் அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை போன்ற இடங்களில் நீராவி டர்பைன் என்பது பழகிய இயந்திரம். உயர் அழுத்த நீராவியை டர்பைனில் இறக்கி, அதே ஷாஃப்ட்டில் சாறு காய்ச்சும் கலனின் ஆவியை அழுத்தித் திரும்ப அனுப்புவது கொள்கையளவில் அழகான ஏற்பாடு. சக்கை தாராளமாகக் கிடைக்கும் வரை அதற்கு யாரும் பணம் போட மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டிய விவரங்கள் இவ்வளவுதான்: வெப்பமூலத்தின் ஆகக் குறைந்த, ஆகக் கூடிய வெப்பநிலை, வேண்டிய சுடுநீரின் வெப்பநிலை, வருடத்தில் எத்தனை மணி நேரம், அறையின் கோடை உச்சம், ஃபீடரில் அளந்த மின்னழுத்தம், அதுவும் பம்புசெட் ஓடும் நேரத்தில் அளந்தது. இவற்றைக் கேட்காமல் மோட்டார் அளவைச் சொல்பவரிடம் விலை பேசவே வேண்டாம். பதிலுக்கு அவர் தர வேண்டியவை: உச்ச உறிஞ்சும் அழுத்தத்தில் முறுக்குவிசை, சூடான நிலைக்கான அலைன்மென்ட் எண், முறுக்கதிர்வு அறிக்கை, சீலின் அழுத்தத் தகுதி.

இதில் பெரும்பகுதியை இந்தப் பக்கத்திலேயே செய்துகொள்ள முடியும். சட்டம், கலன், குழாய் வேலைக்குத் திருச்சி பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகள் இருக்கின்றன. உயர் அழுத்த வெல்டிங் அவர்களுக்குத் தினசரி வேலை. மோட்டாருக்குக் கோயம்புத்தூர். அமோனியாவுக்கு நாகப்பட்டினத்து ஐஸ் பிளான்ட் மெக்கானிக்குகள். நெடி வந்தால் எந்த வால்வை முதலில் மூட வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உயர் அழுத்தக் கம்ப்ரஸரும் அதன் சீலும் வெளியிலிருந்துதான் வர வேண்டியிருக்கும். ஆகவே முதல் ஆர்டரிலேயே ஒரு முழு சீல் செட்டை உபரியாகச் சேர்த்து வாங்கி, பிரிக்காமல், எண்ணெய் பூசி, ஆலை ஸ்டோரில் வைத்துவிட வேண்டும்.